கஞ்சன்ஜங்கா அட்டை

“என் கார்டை அஞ்சு நாள் யாரு வச்சிருந்தது, அக்கா? சொல்லுங்க!” மளிகைக்கடை வாசலில் சுகிர்தா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. “படம் பாக்கத்தான்டி எடுத்துட்டுப் போனேன். மலை தேஞ்சா போச்சு?” என்றாள் கடைக்காரர் மனைவி தங்கபுஷ்பம். எங்கள் தெருத் தபாலையெல்லாம் தபால்காரர் அந்தக் கடையில்தான் போட்டுவிட்டுப் போவார். டார்ஜிலிங்கில் ஓட்டல் சமையலுக்குப் போன எபநேசர் சுகிர்தாவுக்கு அனுப்பும் கஞ்சன்ஜங்கா பட அட்டைகளை, அவளுக்கு முன்னால் நாங்கள் படித்துவிடுவோம். எந்த வருஷம் யார் ஏறினார்கள், யார் பனியில் புதைந்தார்கள், முதலில் ஏறியவர்கள் உச்சி சாமிக்கென்று நாலடி கீழேயே நின்று திரும்பியது, எல்லாம் எழுதுவான். தன் மனசை மட்டும் எழுத மாட்டான். மூன்று வருஷமாக அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். கடைசியில் எழுதினான்: “அம்மா பெண் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டாம் தேதி உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறேன். உனக்கு மனசிருந்தால் ஸ்டேஷனுக்கு வா.” அட்டை ஆறு வீடு சுற்றியது. சுகிர்தா படித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பாள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்தோம். பன்னிரண்டாம் தேதி அவள் வாசலில் நின்று தலை உலர்த்தியதைப் பார்த்து, “என்ன நெஞ்சழுத்தம் பாரு!” என்றுகூடப் பேசிக்கொண்டோம். மறுநாள்தான் அட்டை அவள் கைக்குப் போனது; கடை வாசலில் அவள் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். எபநேசர் அம்மா பார்த்த பெண்ணையே கட்டிக்கொண்டான். சுகிர்தா கோத்தகிரிப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போய்விட்டாள். அவள் அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் வருகிறது, கவரில் போட்டு நாலு பக்கமும் பசை தடவி ஒட்டி.