ஆனந்தவள்ளி கேரண்டி கேட்கவில்லை

“ஏட்டையா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது குதிக்கும்” என்றான் கடைக்காரப் பையன் முத்துராஜ்.

சொல்லி வாய் மூடவில்லை. சிவப்பு டோஸ்டரிலிருந்து ரொட்டித் துண்டு இரண்டும் எம்பிப் பறந்தன. ஒன்று கல்லாவில் விழுந்தது. இன்னொன்று மின்விசிறியில் அடிபட்டு, தென்காசி பஜாரில் போய்க்கொண்டிருந்த யாரோ ஒருவரின் குடைமேல் உட்கார்ந்துகொண்டது. அவர் அது தெரியாமல் பஸ் ஏறி வடகரைக்கே போய்விட்டார்.

ரிட்டையரான ஏட்டு சுடலைக்கண்ணு சின்னப்பிள்ளை மாதிரி கைகொட்டிச் சிரித்தார். “ஏட்டி வள்ளி, எனக்கு இதுதான் வேணும்!”

சொன்னபிறகுதான் பயம் வந்தது. பக்கத்தில் நிற்பவள் ஆனந்தவள்ளி. கேரண்டி இல்லாமல் குண்டூசிகூட வாங்காதவள். குற்றாலத்தில் வாங்கிய குடை, சாரலில் நனைகிறது என்று திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கியவள். கிரைண்டருக்குக் கேரண்டி முடியப்போகிற சமயத்தில், இலத்தூர் வீட்டுக்குத் தெருவையே கூப்பிட்டு ஓசியில் மாவாட்டச் சொன்னாள். அது புகைந்து நின்ற மறுநாளே புது கிரைண்டர் வீடு வந்து சேர்ந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சுடலைக்கண்ணு கைகாட்டிய ஒரு சாமான்கூட அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. இன்றைக்கு ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார்.

“என்னையக் கட்டும்போது மட்டுந்தாம்லே இவ கேரண்டி கேக்க மறந்துட்டா” என்றார் முத்துராஜிடம், சூட்டைத் தணிக்க.

முத்துராஜ் சிரித்தான். ஆனந்தவள்ளி சிரிக்கவில்லை.

டோஸ்டர் வாங்க வந்ததே அவர் வயிற்றுக்காகத்தான். கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை, இட்லி தங்கவில்லை. திருநெல்வேலி டாக்டர் அவரை எடை பார்க்க அனுப்பிவிட்டு, ஆனந்தவள்ளியை மட்டும் உட்காரவைத்துப் பேசினார். வெளியே வந்தவள், “வெறும் வயித்துப் புண்ணுதானாம். ரொட்டியச் சுட்டுத் தின்னாச் சரியாப் போயிருமாம்” என்றாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் பேரம் பேசாமல் இளநீர் வாங்கிக் கொடுத்தாள். பாவம், இவளுக்கும் நாக்கு வறண்டுவிட்டது போல என்று சுடலைக்கண்ணு நினைத்துக்கொண்டார். கண்ணைப் பார்த்தே களவுச் சாமான் எந்தக் கிணற்றில் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று ஸ்டேஷனில் பேர் வாங்கிய மனுஷன் அவர்.

தோசைக்கல்லில் சுட்ட ரொட்டி ஒரு பக்கம் கரியாகவும் மறுபக்கம் ஈரமாகவும் வந்தது. “இது ரொட்டியாட்டி, மாட்டு லாடமா?” என்று கேட்டுவிட்டார். மற்ற நாளாயிருந்தால் தட்டு பறந்திருக்கும். ஆனந்தவள்ளி வேறு ரொட்டி சுட்டு வைத்தாள். நோய் வந்தாலும் இப்படி ஒரு நோய் வரவேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

முத்துராஜ் நல்ல பையன். “ஏட்டையா, உள்ளதச் சொல்லுதேன். இந்தச் செவப்புக்குக் கேரண்டி கெடையாது. எப்ப மண்டையப் போடும்னு சொல்ல முடியாது. இந்த ஸ்டீலப் பாருங்க, ரெண்டு வருஷத்துக்குக் கம்பெனிக்காரன் பொறுப்பு. ஆச்சி, நீங்களாவது சொல்லுங்க.”

“அதுல ரொட்டி குதிக்குமாலே?” என்று முந்திக்கொண்டார் சுடலைக்கண்ணு.

“குதிக்காது. மரியாதையா மேல வரும்.”

“அப்ப வேண்டாம். அடுத்த வருசம் சாரலுக்கு எம் மவன் புவனேஷு பூனாவுலேருந்து பிள்ளைகளக் கூட்டிட்டு வாரான். அருவியில குளிச்சிட்டு வந்ததும் அதுகளுக்கு இதான் வேடிக்கை.”

ஆனந்தவள்ளி ஸ்டீல் டோஸ்டரைத் தூக்கிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். வயரை இழுத்துப் பார்த்தாள். அவ்வளவுதான், தோற்றோம் என்று சுடலைக்கண்ணு தெருவில் பெய்த சாரலை வேடிக்கை பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

“செவப்பையே குடு தம்பி” என்றாள் அவள். “அவுகளுக்குப் பிடிச்சிருக்குல்லா.”

மந்திரி கையால் மெடல் வாங்கிய அன்றுகூட அவருக்கு இந்தப் பூரிப்பு வந்ததில்லை. “பாத்தியாலே! போலீஸ்காரன் பொண்டாட்டின்னா இப்படில்லா இருக்கணும்!” என்று நெஞ்சை நிமிர்த்தினார். தொளதொளவென்று தொங்கிய சட்டை மட்டும் நிமிரவில்லை. “நா போயி ஆட்டோ புடிக்கேன். நீ கட்டி எடுத்துட்டு வா.”

சாரல் நெற்றியில் அடித்தபோதுதான் குடையைக் கடையிலேயே விட்டது ஞாபகம் வந்தது. திரும்பி உள்ளே நுழைந்தார். வாசலில் அடுக்கியிருந்த பிரிட்ஜ் பெட்டிகளுக்கு அந்தப்பக்கம் ஆனந்தவள்ளியின் குரல் கேட்டது.

“கேரண்டி இல்லேல்லா? அதுக்குத் தக்கன வெலையக் கொறை.”

சுடலைக்கண்ணு சிரித்துக்கொண்டார். வள்ளி வள்ளிதான்.

“கொறைக்கேன் ஆச்சி. ஆனா நாளப்பின்ன ரிப்பேருன்னு தூக்கிட்டு வந்து சண்டைக்கு நிக்கப்பிடாது. இதெல்லாம் வருஷக்கணக்கா உழைக்காது, சொல்லிட்டேன்.”

“எதுக்குலே வருஷக்கணக்கு? தீபாவளி வரைக்கும் ஓடுனாப் போதும். டாக்டரு அவுகளுக்கே அம்புட்டுத்தான் சொல்லியிருக்காரு.”