செலினின் ஜாடி

சாற்றை ஒயினாகப் புளிக்கவைக்கும் ஆலை ஈஸ்ட் நுழைந்த வீட்டில் வேறெந்த ஈஸ்ட்டும் பிழைப்பதில்லை. அது உடுப்பில் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். அதனால், ஒயின் ஆலையில் வேலை செய்யும் மகள் பிலோமியைச் சூசைமாணிக்கம் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார். உள்ளே ஜாடியில் இருந்தது, இறந்துபோன மனைவி செலின் திராட்சை பிசைந்த கையிலிருந்து இறங்கிய ஈஸ்ட். ஜாடியின் அடியில் தங்கும் அந்த வண்டலைத்தான் வருஷாவருஷம் புதுச் சாற்றுக்கு உறையாக ஊற்றிவந்தார்.

இந்த டிசம்பர் தொடக்கத்தில், ஜாடியில் புதுச் சாறு புளித்துக்கொண்டிருந்தபோது, பிலோமி காய்ச்சலோடு வந்து நின்றாள். "உள்ள வரட்டுமாப்பா?"

ஜாடி இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, அவளைத் தாங்கி உள்ளே கூட்டிப்போனார்.

கிறிஸ்துமஸ் அன்று அந்த ஜாடியிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். தினமும் ஆலை ஒயினை ருசி பார்ப்பவளுக்கு ஒரு வாயிலேயே அதே ருசி தெரிந்தது; தலையைக் குனிந்துகொண்டாள். "அப்படியே அம்மா பக்குவம்ப்பா."

காலையிலேயே குடித்துப் பார்த்து அழுது முடித்திருந்த சூசைமாணிக்கம், "ஆமா தாயி" என்றார்.