காய்ச்சல் வந்த வழி

ஒரு பன்றி இருமினால் கொட்டில் முழுக்க இருமியது.

மாட்டு டாக்டர் ஜுமாபேக் வைக்கோலில் மண்டியிட்டு, தாய்ப்பன்றியின் விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க முஸ்லிம் வீட்ல பன்னின்னு சொன்னாலே வாயைக் கழுவச் சொல்வாங்க. நான் என்னடான்னா இதைக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன் பாருங்கக்கா."

பரஸ்கா சிரிக்கவில்லை. சுடுதண்ணீர் வாளியோடு கதவருகில் நின்றாள்.

அவள் கணவன் ஒஸ்தாப் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போன குளிர்காலத்தில் பக்கத்துக் கிராமத்தில் பன்றிகள் மூக்கில் ரத்த நுரை தள்ளிச் செத்தன. ஒரு கொட்டில் மிச்சமில்லாமல் காலி. வெளியே வயலெல்லாம் பனி மூடிக் கிடக்கிறது. வசந்தம் வரை இவர்களுக்கு இந்தப் பன்றிகளை விட்டால் வேறு பிழைப்பில்லை.

"அந்தக் கொள்ளை நோய் இல்லண்ணே, பயப்படாதீங்க. நாள்பட்ட நெஞ்சுச் சளியும் இல்ல. அதுன்னா ஒண்ணு ரெண்டு வறட்டு இருமலா இருமிட்டு, தீனி தின்னுட்டுத்தான் இருக்கும். இது எல்லாத்தையும் ஒரே நாள்ல படுக்க வச்சிருக்கு. ஃப்ளூ."

டாக்டர் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"புதுசா பன்னி எதுவும் வாங்கினீங்களா?"

"இல்ல."

"அப்போ மனுசங்ககிட்டருந்துதான் வந்திருக்கணும். நம்ம ஜுரம் இதுங்களுக்கு ஒட்டிக்கும். வீட்ல யாருக்காவது ஜுரம், இருமல்?"

பரஸ்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"இங்க நாங்க ரெண்டு பேர்தான்" என்றான் ஒஸ்தாப். "வேற யாரும் வரல."

டாக்டர் ஒருமுறை பரஸ்காவைப் பார்த்தார். அவள் வாளியைப் பார்த்தாள்.

"சரி, வானத்துலருந்து குதிச்சிருக்கும்போல. வைக்கோல் காய்ஞ்சதா போடுங்க, வெதுவெதுன்னு தண்ணி வைங்க, விரட்டாதீங்க. ஒரு வாரத்துல எழுந்து உங்க காலை முட்டும்."

அவருடைய ஜீப் பனியைக் கிழித்துக்கொண்டு போனது.

ஒஸ்தாப் புது வைக்கோலை உதறி உதறிப் பரப்பினான். பரஸ்கா தொட்டியில் தண்ணீரை ஊற்றினாள். அவர்கள் மகள் லேஸ்யா ஒரு ராத்திரி படுத்துக் கிடந்த மூலையை மட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கணவனோடு வாழமாட்டேன் என்று கோஸ்தனாய் நகரத்துக்குத் தனியாகப் போனவள் லேஸ்யா. போன வாரம் பனிப்புயலில் உடம்பு கொதிக்கக் கொதிக்க வந்து வீட்டுக் கதவைத் தட்டினாள். எனக்கு மகளே கிடையாது என்று உள்ளே இருந்தபடியே சொன்னான் ஒஸ்தாப். பரஸ்கா வாயில் தலைத்துணியின் நுனியைத் திணித்துக்கொண்டு அடுப்பருகில் உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் அவள் கொட்டிலுக்குத் தீனி வைக்க வந்தபோது, இரண்டு தாய்ப்பன்றிகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தாள் மகள். இருமும்போது அவள் உடம்பு முழுவதும் குலுங்கியது. அவளுக்கு ரொட்டியும் சூடாகத் தேநீரும் கொடுத்து, ஒஸ்தாப் கண்ணில் படாமல் பால் லாரியில் ஏற்றிவிட்டாள் பரஸ்கா. அதன்பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் லேஸ்யா போனை எடுக்கவில்லை.

இது தனக்கு மட்டுமே தெரியும் என்று பரஸ்கா நினைத்திருந்தாள்.

ஒஸ்தாப் குனிந்தபடியே பேசினான்.

"கொட்டில் தாழ்ப்பாளை அன்னிக்கு நான்தான் திறந்து வச்சேன். பின்பக்கமா வந்து திறந்துட்டுப் போனேன். பனியில விறைச்சுச் செத்துடக் கூடாதுல்ல."

அவன் குரல் கொஞ்சம் இளகியிருந்தது. ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருப்பவனைப் போல நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

பரஸ்கா காலி வாளியை எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுத் தாழ்ப்பாளும் உங்க கைக்கு எட்டுற தூரத்துலதான இருந்துச்சு."