மாப்பிள்ளை துருவிய தக்காளி

"இதுல வெங்காயம் போட்டது யாரு?"

முதல் வாயிலேயே பதிஸ்தே கரண்டியை எறிந்தார். ஆரஞ்சு மர விறகு மூட்டி அவரே சமைத்த ஞாயிற்றுக்கிழமை பாயெல்லாச் சோறு. அகன்ற சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

மனைவி எம்பாருக்குக் கையில் கட்டு. அதனால் இன்று தக்காளி துருவிக் கொடுத்தது வடக்கே பில்பாவோ ஊர் மாப்பிள்ளை இகெர்தான்.

"நான் வெறும் தக்காளிதான் துருவினேன், மாமா."

"பொய் சொல்லாத. கோழி, முயல், பீன்ஸ், குங்குமப்பூ, எல்லாம் நான் எப்பவும் போடுறதுதான். உன் கை பட்டது தக்காளியில மட்டும்தான். அப்ப என் ருசி எங்கடா போச்சு? வலென்சியாக்காரன் எவனாவது பாயெல்லாவுல வெங்காயம் போடுவானா? வருஷா வருஷம் ஊர்ப் போட்டியில ஜெயிக்கிறவன் நான். என் மானத்தையே வாங்கிட்டியே. எந்திரிச்சு வெளிய போ."

இகெர் எழுந்தான். மகள் நூரியாவும் பையை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் உட்காருங்க" என்ற எம்பார், கணவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் புள்ளையத் திட்டாதீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து தக்காளியோட ஒரு வெங்காயத்தையும் சேர்த்துத்தான் உங்களுக்குத் துருவிக் கொடுக்குறேன். இன்னிக்குத்தான் அது இல்ல."