மழைக்கு ஏற்ற குதிரை

காளப்பநாயக்கன்பட்டி மிட்டாதார் அர்த்தனாரிக்குக் குதிரைப் பந்தயத்தில் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், ஜெயிப்பது. இந்த முறை மழை வேறு பெய்து மைதானம் சேறாகிக் கிடந்தது. மைத்துனரிடம் பந்தயமாக வைத்திருந்ததோ மனைவி பெருமாயியின் ஒட்டியாணம். அதனால் கொல்லிமலையிலிருந்து சென்றாயனை வரவழைத்தார். இருபது வருஷமாக மழையும் குதிரையுமாகவே பிழைப்பவன் என்று கேள்வி.

தம்முடைய இரண்டு குதிரைகளையும் சேற்றில் நடத்திக் காட்டினார். சென்றாயன் குனிந்து குளம்புத் தடங்களைப் பார்த்தான்.

"கறுப்பு வேண்டாமுங்க சாமி, கால வீசிப் போடுது. செவலையப் பாருங்க, முன்னங்கால் வெச்ச தடத்துலயே பின்னங்காலையும் வெக்குது. எந்த மழைக்கும் வழுக்காதுங்க."

"நடையிலயே சொல்லிப்புட்டான் பாத்தியா!" என்று மனைவியிடம் மார்தட்டினார் மிட்டாதார். கறுப்பை மைத்துனருக்குத் தானமாகவே கொடுத்துவிட்டார்.

பந்தயத்தில் கறுப்பு இரண்டு தடவை சறுக்கி, முதலாவதாக வந்தது. செவலை ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. சாமி ஊர்வலம்போல் நிதானமாகக் கடைசியில் வந்தது. ஜெயித்த மைத்துனர் வீட்டுக்கு ஒட்டியாணமும் போயிற்று.

"ஏண்டா, நீ எத்தனை பந்தயம் பாத்திருக்கற?" என்று உறுமினார் மிட்டாதார்.

"பந்தயமுங்களா? ஒண்ணுகூடப் பாத்ததில்லீங்க. நான் மலையிலிருந்து மொளகு மூட்டை எறக்கறவனுங்க. மழையில ஓடற குதிரைய நாங்க ஊட்டுப் பக்கமே சேக்கமாட்டோம். மூட்டையோட பள்ளத்துல போயிருமுங்க."

பெருமாயி குறுக்கிட்டாள்.

"சென்றாயா, செவலைய நீயே ஓட்டிக்கிட்டுப் போ. மூட்டையோட மூட்டையா இவரையும் ஏத்திக்க. வழுக்காதுல்ல?"