வைப்புலு குடும்பம், ஐம்பது

பெயர் கூப்பிடுவது நாலாவது வரிசைக்கு வந்துவிட்டது. லூப்பே உட்கார்ந்திருந்தது ஐந்தாவது வரிசையில்.

ஒவ்வொரு குடும்பமாக எழுந்து போய், பிரசங்க மேடைக்குக் கீழே வைத்திருந்த பெரிய எனாமல் பேசினில் பணத்தைப் போட்டது. சபைச் செயலாளர் அதை எண்ணி, குடும்பப் பெயரோடு மைக்கில் படித்தார். அறுநூறு பாங்கா. ஆயிரத்து இருநூறு. நானூற்று ஐம்பது. ஒவ்வொரு தொகைக்கும் சபை முழுவதும் "மாலோ, மாலோ" என்று நன்றி சொன்னது.

வருஷத்தில் ஒரு நாள் வரும் காணிக்கை ஞாயிறு. கோயிலுக்குள் மூச்சு விட இடமில்லை.

லூப்பேயின் மடியில் இருந்த உறையில் ஒரே ஒரு தாள்.

போன வருஷம் ஐநூறு போட்டாள். ஓஃபாவிடம் வட்டிக்கு வாங்கிப் போட்டது. அதற்கு ஈடாகக் கொடுத்த, இங்கே தங்க நகைக்குச் சமமான கல்யாணப் பாய் இன்னும் ஓஃபா வீட்டு அலமாரியில்தான் சுருண்டு கிடக்கிறது. அந்த ஐநூறுக்கு இதுவரை எவ்வளவு வட்டி கட்டியிருக்கிறோம் என்று கூட்டிப் பார்ப்பதையே அவள் விட்டுவிட்டாள்.

காணிக்கைக்கு முந்தின வாரம் ஓஃபா வீட்டு வாசலில் பெண்கள் பாயும் கையுமாக நிற்பார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். இந்த வருஷம் லூப்பே அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

துணிவு ஒன்றும் வந்துவிடவில்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

புருஷன் செமிசி சர்க்கரைக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறான். லாரி ஓட்டியவன். இப்போது ஹோட்டலில் படுக்கை விரிப்பு வெளுக்கும் லூப்பேயின் சம்பளம் ஒன்றுதான் வீட்டுக்கு. அவனுடைய இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இன்னொரு மாதம் பாக்கி விழுந்தால் கரண்ட்டை வெட்டிவிடுவார்கள். சம்பளம் வந்ததும் நேரே போய் கரண்ட் பில் கட்டினாள். பெரியவளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினாள். மிச்சம் அரிசிக்கும் மாவுக்கும் போனது.

"இந்தத் தடவை ஐம்பதுதான்" என்று செமிசியிடம் சொன்னபோது அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அக்கா என்ன சொல்லுவா?" என்று மட்டும் கேட்டான்.

அவனுடைய அக்கா கலோலைனி இதோ, லூப்பேயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். புதுப் பட்டுச் சட்டை, கோயிலுக்கென்று மரியாதைக்கு இடுப்பில் சுற்றிய பளபளக்கும் பாய், கையில் தடித்த உறை. இரண்டு பையன்களும் நியூசிலாந்தில் இருக்கிறார்கள். மாதாமாதம் பணம் வந்து கொட்டுவதாக ஊர்ப் பேச்சு. இந்தத் தீவில் தம்பி வீட்டில் அக்கா வைத்ததுதான் சட்டம். அவளுக்கு எதிரே லூப்பே இதுவரை குரலை உயர்த்தியதில்லை.

காலையில் கோயில் வாசலில் வைத்தே கலோலைனி சொல்லிவிட்டாள்.

"எங்கப்பா பேரப் படிக்கிறப்ப தொகை கணீர்னு கேக்கணும், லூப்பே. ஊரு முன்னாடி எங்கள தலைகுனிய வச்சிடாத."

லூப்பே குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"வைப்புலு குடும்பம்."

எழுந்தாள். முழங்கால் வலித்தது. முன்வரிசையில் ஓஃபா ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே அவளை ஏறிட்டுப் பார்த்தாள். இந்த வருஷம் வராதவள் என்ன கொண்டு போகிறாள் என்று அளக்கும் பார்வை.

உறையைப் பேசினில் போட்டாள். அங்கே குவிந்திருந்த நோட்டுகளின் மேல் அது சருகு மாதிரி விழுந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

செயலாளர் உறையிலிருந்து தாளை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். வேறு ஏதாவது இருக்கிறதா என்று உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார். தொண்டையைச் செருமினார்.

"வைப்புலு குடும்பம், ஐம்பது பாங்கா."

மைக் அதைக் கணீரென்றுதான் சொன்னது.

சபையில் சத்தமில்லை. பின்னால் எங்கோ ஒரு கிழவர் மட்டும் "மாலோ" என்றார். ஒரு குழந்தை இருமியது.

லூப்பே கண்ணை மூடிக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. நின்றபடியே வேலை பார்த்துவிட்டு உட்கார்ந்த மாதிரி உடம்பெல்லாம் ஓய்ந்து கிடந்தது. பக்கத்திலிருந்து எந்த நேரமும் ஒரு கிள்ளு விழும், ஒரு வார்த்தை விழும் என்று காத்திருந்தாள்.

காகிதம் சரசரத்தது.

கண்ணைத் திறந்தாள். கலோலைனி அவளைப் பார்க்கவேயில்லை. பார்வை நேரே மேடையில் இருந்தது. மடியில் அவள் விரல்கள் மட்டும் அவசர அவசரமாக உறைக்குள் போய் வந்துகொண்டிருந்தன. ஒரு தாள், இன்னொரு தாள், இன்னொன்று. எல்லாம் கைப்பைக்குள் போயின. உறை மெலிந்துகொண்டே வந்தது.

"ஹாவிலி குடும்பம்" என்று செயலாளர் கூப்பிட்டார். அது கலோலைனியின் குடும்பம்.

அவள் எழுந்தாள். இடுப்புப் பாயைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, லூப்பேயின் காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

"இன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டா ஓஃபா வட்டி போடுவாளாடீ?"