முதுகுத் துண்டு

தையல்காரி கறுப்புக் கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் விரிக்கிறாள். முன்பக்கம் மினுங்குகிறது, முதுகு மங்கிக் கிடக்கிறது. உள்ளே போகவேண்டிய கெட்ட பக்கம் வெளியே வந்துவிட்டது. அடையாளத்துக்கு அதில் அவள் போட்டிருந்த சாக்பீஸ் பெருக்கல் குறியைக் கொழுந்தன் தட்டிவிட்டுத் தைத்திருக்கிறான். பிரித்தால் ஊசித்துளை அப்படியே நிற்கும். வேறு துணியும் இல்லை.

“அழுக்குன்னு நெனச்சேன் அண்ணி. முதுகுதானே, எவன் பார்க்கப்போறான்?”

“இதைப் போடப்போறவங்க பாட்டுக்குழுவைப் பார்த்து நின்னு கையசைச்சு நடத்துறவங்கடா! இன்னிக்கு மேடையில ஜனங்களுக்குக் காட்டப்போறதே முதுகைத்தான்!”

அவன் ஈயென்று இளித்துவிட்டு மிஷின் பக்கம் திரும்பிக்கொள்கிறான். அவள் சாக்பீஸை எடுத்து அவன் சட்டை முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை, அது உடையும்படி அழுத்திப் பெருக்கல் குறி போடுகிறாள்.

“எழுந்திரு. கோட்டை எடுத்துக்கிட்டு நீயே போய் அவங்ககிட்ட சொல்லு. கடைத்தெரு வழியா நடந்தே போ.”